டெஸ்க்டாப்பில் ஒரு ஜாதகம்

22-9-2025
போன வருஷ மழையில் ஸ்டுடியோவுக்குள் தண்ணீர் வந்து ஒன்பது கல்யாணம் போன பிறகு, மாமாவுக்கு ஒருவழியாக ஞானம் வந்திருக்கிறது. பேக்கப் மென்பொருள் போட்டாயிற்று. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குக் கடலூரில் இருக்கும் படமெல்லாம் சிதம்பரம் கிளைக் கம்ப்யூட்டருக்குத் தானாகப் போகும். எதை எடுப்பது, எங்கே அனுப்புவது, கடவுச்சொல் என்ன, எல்லாம் ஒரு சின்னக் கோப்பில் இருக்கிறது. கான்ஃபிக் ஃபைல் என்றேன். "ஜாதகம்னு சொல்லேன், புரியும்ல" என்றார். வைத்திலிங்கம் மாமா அம்மாவின் தம்பி, எனக்கு முதலாளி. எதிர்த்துப் பேசினால் இரண்டு இடத்தில் பதில் சொல்ல வேண்டும்.

25-9-2025
ஜாதகத்தை எங்கே வைப்பது என்று இன்று மாநாடு. மென்பொருளே ஒதுக்கிய மறைவான ஃபோல்டரில் வைத்திருந்தேன். மாமாவுக்குத் திருப்தி இல்லை. கண்ணுக்குத் தெரியாதது இல்லாததற்குச் சமமாம். யார் கையும் படாத இடம்தான் நல்லது என்றேன். நம் கடையில் யார் தொடப் போகிறார்கள் என்று கேட்டார். நியாயம்தானே! டெஸ்க்டாப்பில், ஸ்ரீமுஷ்ணம் பெருமாள் படத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்து, மென்பொருளுக்கும் அந்த இடத்தையே காட்டிவிட்டேன். மாமா சந்தோஷமாக டீ சொன்னார்.

1-10-2025
ஆயுத பூஜை. கேமரா, பிரிண்டர், யுபிஎஸ், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். மானிட்டருக்கு நாலு மூலையிலும். தானாக அழியும்வரை துடைக்கக் கூடாது என்று உத்தரவு. கீபோர்டுக்குள் பொரி.

18-10-2025
பொரி இன்னும் இருக்கிறது. ஸ்பேஸ் தட்டினால் மொறுமொறுக்கிறது.

30-10-2025
காட்டுமன்னார்கோயில் கல்யாணப் படமெல்லாம் வந்து சேர்ந்தது. பெண் பெயர் சந்திரலேகா. எல்லாவற்றையும் பெரிய டிஸ்கில் ஏற்றிவிட்டு, அடுத்த முகூர்த்தத்துக்காகக் கேமரா கார்டுகளை அழித்தேன். ஆறு மணி தாண்டிவிட்டது, சிதம்பரத்துக்கும் போயிருக்கும். இவ்வளவு நிம்மதியாக நான் கார்டு அழித்ததே இல்லை.

19-11-2025
சந்திரலேகா போன் செய்தாள். அப்பா ராமாமிர்தம் போன வாரம் இறந்துவிட்டாராம். மாரடைப்பு. அப்போது கல்யாணமாகிப் பதினைந்து நாள்கூட ஆகியிருக்கவில்லை. கேமராவைக் கண்டாலே ஒதுங்கிப்போகிற மனிதர், குரல்கூட எதிலும் பதிவாகவில்லை என்றாள். "ஆல்பம்லாம் மெதுவா ஆவட்டும்க்கா. அப்பா பேசறது எங்கனா இருந்தா மட்டும் தனியா எடுத்துக் குடுங்க." நாளைக்கே தருகிறேன் என்றேன். பெருமையாக வேறு சொன்னேன்.

20-11-2025
பெரிய டிஸ்க் திறக்கவில்லை. டிக் டிக் என்று சத்தம் மட்டும். நான் பதறவில்லை, சிதம்பரம் இருக்கிறதே. அங்கே எடிட்டர் அந்தோணிசாமியைக் கூப்பிட்டேன். அவரிடம் கடைசியாக வந்திருப்பது செப்டம்பர் முப்பதாம் தேதிப் படம்.

ஜாதகத்தைத் திறந்தேன். முதல் வரியில், எல்லாவற்றுக்கும் மேலே, தன்னந்தனியாக ஒரு 'உ'.

"பூஜை அன்னிக்கிப் புள்ளையார் சுழி போட்டேன் மதி. சுழி இல்லாம ஜாதகமா?" என்றார் மாமா.

மென்பொருளுக்குப் பிள்ளையாரைத் தெரியாது. முதல் எழுத்திலேயே முட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. ஐம்பது நாளாக.

21-11-2025
நின்றதைச் சொல்லாமலா இருந்திருக்கும் என்று தூக்கமே வரவில்லை. காலையில் போய்ப் பார்த்தேன். சொல்லியிருக்கிறது. திரையின் வலது கீழ் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி. தினமும் பார்த்திருக்கிறேனே! குங்குமம் உதிர்ந்து ஒட்டியிருக்கிறது என்று நினைத்தேன். ஈரத் துணியால் துடைத்தேன். நாலு மூலைக் குங்குமமும் போயிற்று. அந்தப் புள்ளி போகவில்லை.

எம்.சி.ஏ. படித்தவள் நான். மாமாவைக் கேலி செய்தே ஒரு நோட்டு நிரப்பியிருக்கிறேன்.

மாமா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தன் தப்பு என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் வாயைத் திறக்கவில்லை. கேவலமாக இருக்கிறது.

26-11-2025
டிஸ்கை மீட்கச் சென்னைக்கு அனுப்பினோம். கையை விரித்துவிட்டார்கள்.

28-11-2025
அந்தோணிசாமி வரச் சொன்னார். சிதம்பரம் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். கல்யாணத்தன்று கேமரா ஆட்கள் காட்டுமன்னார்கோயிலில் இருந்து சிதம்பரம் கிளை வழியாகத்தான் திரும்பியிருக்கிறார்கள். கார்டை வாங்கி, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு ஒரு நிமிஷம் வெட்டியிருக்கிறார். அதற்கு ஆகாது என்று தள்ளியதை 'வேஸ்ட்' என்று ஒரு ஃபோல்டரில் போட்டு, அழிக்கச் சோம்பல்பட்டு விட்டுவிட்டார். அதில் பதினோரு வினாடி கிடைத்தது. சோம்பேறித்தனத்துக்கு நான் கும்பிடு போட்டது இன்றுதான்.

30-11-2025
சந்திரலேகா வந்தாள். மாமா எழுந்து, "என் தப்பும்மா" என்று ஆரம்பித்தார். குறுக்கே பேசினேன்.

"அவரு ஒரு எழுத்துதான் போட்டாரு. நின்னுபோச்சுன்னு அம்பது நாளா என் கண்ணு முன்னாடி காட்டிச்சு. நான்தான் பாக்கல."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். திட்டியிருந்தால் தேவலை. மிச்சக் கல்யாணம் எங்கேயும் இல்லை என்பதையும் சொல்லிவிட்டு, வீடியோவை ஓடவிட்டேன்.

பந்தியில் ராமாமிர்தம். தோளில் துண்டு, கையில் சாம்பார் வாளி. கேமராவைப் பார்த்ததும் உள்ளங்கையால் மறைக்கிறார்.

"என்ன எதுக்குப்பா எடுக்கற? பொண்ண எடு."

அவ்வளவுதான். மாமா வெளியே போய்விட்டார். சந்திரலேகா திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள். ஆறு தடவை பார்த்தாள். ஏழாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.