பூசையில் விட்ட கியர் ஆயில்

நெல்லிவாசல்,
18-1-84

அன்புள்ள மகன் அருணகிரிக்கு அம்மா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்றுதான் எல்லாரும் ஆரம்பிப்பார்கள். அந்த அஸ்ஸாம் குளிரில் நீ நலமாக இரு, அது போதும். எங்கள் நலம் எப்படி என்று இதைப் படித்துவிட்டு நீயே சொல். காந்தா பொங்கலுக்கு விடுதியிலிருந்து வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போனாள், பத்தாவது படிக்கிற பெண்ணுக்கு இன்னும் உன் தங்கை என்ற செல்லம் போகவில்லை. சாமை இந்த வருஷம் சுமார்தான், காட்டுப்பன்றி தின்றது போக மீதிதான் நமக்கு. இதையெல்லாம் சொல்ல நான் பேனா எடுக்கவில்லை கண்ணு. பயந்துபோய் எழுதுகிறேன். உன் அப்பாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

நம் ஜீப்பின் கியர் பாக்ஸில் தப்பான ஆயில் இருக்கிறது என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் எழுத முடியும், நீதான் பட்டாள ஒர்க்‌ஷாப்பில் லாரிகளைப் பிரித்துப் போடுகிறவன். வண்டியில் ஏறி இறங்குகிற மூன்று ஊர்க்காரர்களும் சேர்ந்து, கோயில் விளக்குக்கு எண்ணெய் கொடுக்கிற மாதிரி, ஆயுத பூசைக்கு வண்டிக்கு ஒரு டின் ஆயில் கொடுப்பார்களே, இந்தத் தடவை நாட்டார் கோவிந்தன் தாமே திருப்பத்தூருக்குப் போய்க் கடையில் இருந்ததிலேயே ஒசத்தியான டின்னாகப் பார்த்து வாங்கி வந்தார். ஊர்ப் பெரியவர், நல்ல மனசோடு செய்ததுதான். பழையதை இறக்கிவிட்டு, டின்னுக்குக் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, முதல் ஊற்று அவர் கையாலேயே கியர் பாக்ஸில் ஊற்றினார், எல்லாரும் கைகூப்பி நின்றோம். டின்னில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. எட்டாவது வரை படித்த நானும் பார்க்கவில்லை, பொரி பிரித்துக் கொடுத்துக்கொண்டு இருந்தேன். இப்போது பார்த்து எழுதுகிறேன், ஈ.பி. 90 என்று போட்டிருக்கிறது. பாதி டின் இன்னும் மீதி இருக்கிறது.

மார்கழியிலேயே சத்தம் மாறிவிட்டது. திருப்பத்தூரில் உன் அப்பா டீ குடிக்கப் போன நேரம் பார்த்து மெக்கானிக் துரைக்கண்ணுவைக் கேட்டேன். இது பின் சக்கரங்களுக்கு நடுவில் உருண்டையாக இருக்கிற கிரவுனுக்கு ஊற்றும் ஆயிலாம். நம் பழைய வண்டியின் கியர் பாக்ஸுக்குள் பித்தளை வளையங்கள் இருக்கின்றனவாம், இந்த ஆயிலில் கலந்திருக்கும் மருந்து பித்தளையை அரித்துவிடுமாம், அதற்கு மருந்து கலக்காத சாதா தொண்ணூறுதான் ஊற்ற வேண்டுமாம். அடியில் திருகைத் தளர்த்தி இரண்டு சொட்டு என் உள்ளங்கையில் விட்டார். சரிகைத் தூள் மாதிரி மினுக்கியது. "செகண்டு கியர் நிக்காதும்மா, எறக்கத்துல தானா வுட்டுடும், அண்ணங்கிட்ட சொல்லிடுங்க" என்றார். சொன்னேன். விலை ஒசத்தியான சரக்கு எப்படிக் கெடுதல் பண்ணும் என்று உன் அப்பா என்னையே கேட்கிறார். ஆயில் கடைக்காரரும் எல்லா இடத்துக்கும் இதையே ஊற்றலாம் என்றாராம். கடைசியில் நிஜம் வெளியே வந்தது. "பூசையில வுட்டத தொறந்து மண்ணுல வுட்டா, நாட்டாரு மூஞ்சில எப்படி முழிக்கிறது?" என்றார்.

போன செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டு அம்சவல்லிக்குப் பிரசவ வலி வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம், வண்டியில் ஒன்பது பேர். புதூர்நாடு தாண்டி இறங்குகிற வளைவில் கியர் ராடு படக்கென்று தானாக எகிறி நியூட்ரலுக்கு வந்துவிட்டது. வண்டி பிய்த்துக்கொண்டு ஓடியது. பிரேக்கில் புகை கிளம்பி, உன் அப்பா மலைப்பக்கம் மண்மேட்டில் உரசித்தான் நிறுத்தினார். இன்ஜின் சூடாகிவிட்டது, கொஞ்சம் ஆறட்டும் என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும்தான் தெரியும். அம்சவல்லிக்குப் பெண் குழந்தை, இரண்டு பேரும் சுகம். அந்த வளைவின் மறுபக்கம் வெறும் பள்ளம்.

தை இருபத்தேழாம் தேதி நாட்டார் பேத்திக்குக் கீழே கல்யாணம். பெண்ணும் பெண் வீட்டாரும் நம் வண்டியில்தான் இறங்குகிறார்கள். நான் சொன்னால் பொம்பளைப் பேச்சு, துரைக்கண்ணு சொன்னால் வியாபாரம். அதனால் உன் அப்பாவுக்கு எழுதாதே, நாட்டாருக்கு எழுது. மரியாதையாக எழுது. நீங்கள் வாங்கிக் கொடுத்தது மிக உயர்ந்த ஆயில், அதன் இடம் பின்னால் இருக்கும் கிரவுன், மீதி டின்னை உங்கள் கையாலேயே அதில் ஊற்றுங்கள், முன்னால் கியர் பாக்ஸுக்குச் சாதா ஆயில் போதும் என்று எழுது. பூசை எண்ணெய் வண்டியை விட்டுப் போகாது, பெரியவருக்கும் தலைகுனிவு இல்லை. நான் யோசித்தது சரிதானா, துரைக்கண்ணு சொன்னது நிஜம்தானா என்று முதலில் எனக்குச் சொல். கடிதம் வரப் பத்து நாள் ஆகும், ஆயில் பெயரை மட்டும் தந்தியில் அடித்துவிடு.

செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் ஒவ்வொரு நடைக்கும் நானும் போகிறேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இறக்கம் வந்ததும் கியர் ராடை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டே வருகிறேன். இந்த வயசில் புருஷனை விட்டு இருக்க மாட்டாள் போல என்று பின்னால் இருக்கிறவர்கள் கேலி பண்ணுகிறார்கள், நானும் சிரித்துவைக்கிறேன். முதல் நாள் ராடில் கை வைத்தபோது உன் அப்பா திட்டுவார் என்றுதான் பார்த்தேன், என் கை ஸ்டியரிங் பக்கம் வந்தாலே கத்துகிற மனுஷன் அவர். திட்டவில்லை. ரோட்டைப் பார்த்தபடியே, "கெட்டியா புடிச்சிக்க" என்றார். அதைக் கேட்டதிலிருந்துதான் எனக்குத் தூக்கம் இல்லை.

வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு படு. மலைமேல் இருக்கிற வேடியப்பன் உனக்குத் துணை. தந்தியை மறந்துவிடாதே, அது வரும்வரை நான் ராடை விடமாட்டேன்.

உன் அம்மா,
மங்கம்மாள்