தாத்தா வேட்டிக்கு எதுக்குக் கட்சிக் கரை

காஞ்சிபுரம்,
ஞாயித்துக்கிழம

அன்பு மக தேவகிக்கு அம்மா எழுதுறது. இங்க நானும் உங்கப்பாவும் ஒரு குறையும் இல்லாம இருக்கோம். உங்கப்பாவுக்கு சாயப்பட்டறை வேலையில கைவெரலெல்லாம் எப்பவும் போல அரக்குக் கலரு, எனக்கு எப்பவும் போல முட்டிவலி, இந்த ரெண்டும் இல்லன்னாதான் நீ கவலப்படணும். அந்த ஊருக் குளுருல நீயும் நல்லா சாப்ட்டு நல்லாத் தூங்கி நர்சு வேலைக்குப் போயினு வரணும்னு தெனம் சாமிகிட்ட சொல்லிக்கினுதான் இருக்கேன். போன்ல பேசலாம்தான், ஆனா நான் வாயத் தொறக்கறதுக்குள்ள டூட்டிக்கு நேரமாச்சும்மான்னு வெச்சிடுற, இது பாதியில வெக்கிற சமாச்சாரம் இல்ல. அதான் பருப்புப்பொடி பார்சல்லயே இதையும் வெச்சு அனுப்புறேன், ஒரு எடத்துல உக்காந்து முழுசாப் படி. முதல்லயே சொல்லிடுறேன், ஜெயிச்சிட்டோம்டி. உன் கொள்ளுத்தாத்தா ராஜவேலு படம் நம்ம ஒன்றிய ஆபீசு மன்றக் கூடத்துல ஏறிடுச்சு.

நான் கவுன்சிலரா அந்தக் கூடத்துல உக்காந்த முதல் நாள்லருந்து என் கண்ணுக்கு நேரா ஒரே ஒரு படந்தான். செவுத்துக்கு நட்ட நடுவுல, தங்கக் கலரு சட்டம் போட்டு, தலப்பாக் கட்டிக்கினு ஒரு பெரியவரு. அவரு எதிர்க்கட்சிக் கவுன்சிலரு, தென்னேரிப் பக்கத்து வரதராஜனோட தாத்தா, வெள்ளக்காரன் இருந்தப்போ மெட்ராஸ் மாகாண சட்டசபைக்கு நம்ம தொகுதியிலருந்து போன மெம்பரு. போனாரு, யாரு இல்லன்னது. ஆனா அப்போ நம்ம தொகுதிக்கு ரெண்டு மெம்பரும்மா, ஒண்ணு பொது, இன்னொண்ணு நம்ம ஜனங்களுக்குன்னு ஒதுக்கின சீட்டு. அந்த ரெண்டாவது மெம்பரு உன் கொள்ளுத்தாத்தா. ஒரே எலெக்‌ஷன்ல ஜெயிச்சு ஒரே சபையில உக்காந்து ஒரே தீர்மானத்துக்குக் கை தூக்கினவங்க ரெண்டு பேரும். சபையில ஆளுக்கொரு நாற்காலி, ஊருக்குத் திரும்பி வந்தா அவங்க வீட்டு வாசலுக்கு வெளியே நின்னுக்கினுதான் நம்ம தாத்தா பேசணுமாம். உங்கப்பா இதச் சொல்றப்பல்லாம் எனக்கு வயிறு எரியும். செத்ததுக்கு அப்புறமும் ஒருத்தருக்கு செவுரு, ஒருத்தருக்கு ஒண்ணுமில்லன்னா இன்னா நியாயம். அதான் தாத்தா படத்தயும் மாட்டணும்னு மன்றத்துல தீர்மானம் குடுத்தேன்.

கூடத்துல நம்ம கட்சிக்கும் வரதராஜன் கட்சிக்கும் ஏறக்குறைய சரிக்குச் சரி ஆளுங்க. சேர்மன் பெரியநாயகியம்மா அவங்க கட்சி. அவங்களும் வந்தாத்தான் தீர்மானம் தேறும். நான் கூச்சப்படாம வரதராஜன் வீட்டுக்கே போயி கேட்டேன், உள்ள கூப்ட்டு நாற்காலி போட்டு காபியும் குடுத்தாரு, அத சொல்லாம வுடக்கூடாது. படம் மாட்டிக்கோங்கம்மா, ஆனா அத வெச்சு உங்க கட்சி விளம்பரம் தேடக்கூடாது, அப்டின்னா நாங்க கை தூக்கறோம்னாரு. சரின்னு வாக்கு குடுத்துட்டு வந்தேன். வீட்ல இருக்கிற அந்தப் பழைய போட்டோவ, அதான் வெள்ள வேட்டி, மூடின காலரு கோட்டு, கையில தடியோட தாத்தா நிப்பாரே, அத பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பேனரு வரையற பாலாஜிகிட்ட குடுத்து பெருசா வரையச் சொன்னேன்.

அங்கதான் வந்துச்சு வென. பாலாஜி நல்ல கைக்காரன், ஆனா ஆயுசு முழுக்க கட்சித் தலைவருங்களயே வரஞ்சவன். வேட்டி வரஞ்சா கரை போடணும், கரை இன்னா கலருன்னு அந்தந்தக் கட்சி ஒன்றியச் செயலாளரக் கேட்டுக்கணும், அது அவன் தொழில் பழக்கம். என்னக் கேக்கல பாரு, நேரா நம்ம செயலாளர் பாண்டியனுக்கு போன் போட்டிருக்கான். பாண்டியனுக்குக் கேக்கணுமா, நம்மளுதுதான் போட்ரான்னுட்டாரு. மன்றம் கூடற அன்னிக்குக் காலையில போனத் தொறந்தா வாட்ஸப் பூரா தாத்தா நிக்கிறாரு, இடுப்புல கத்திரிப்பூ கலரும் கிளிப்பச்சையும் சேத்து ஒரு சாண் கரை, கீழ பாண்டியன் ஆளுங்க போன்லயே சேத்த எங்கள் கட்சியின் முன்னோடின்ற கொட்ட எழுத்து. கட்சியே பொறக்காத காலத்துல கட்சிக் கரை வேட்டி. உங்கப்பா பாத்துட்டு முகூர்த்தப் பொடவையில மாப்பிளய நிக்க வெச்ச மாதிரி இருக்குதேன்னாரு. எனக்கு சிரிப்பு வரல. ஏன்னா அடுத்த நிமிஷமே வரதராஜன் போனு. நீங்க வாக்குத் தவறிட்டீங்கம்மா, நாங்க எதுத்துதான் ஓட்டுப் போடுவோம்னு மரியாதயா சொல்லிட்டு வெச்சிட்டாரு. ஒரு தடவ தோத்தா அந்தத் தீர்மானம் மறுபடி எங்க வரப்போவுது.

பாண்டியனக் கூப்ட்டு அந்தக் கரைய அழிக்கச் சொல்லப் போறேன்னு சொன்னேன். எப்பவும் துளசியம்மா துளசியம்மான்னு தேனா பேசற மனுஷன் அன்னிக்கு நீ வா போன்னு எறங்கிட்டாரு. "கரைய அழிச்சா கட்சியில உன் பேர அழிச்சிடுவேன்" அப்டின்னாரு. எனக்கு அது சும்மா கட்சி இல்ல தேவகி. உன்ன இடுப்புல வெச்சிக்கினு பசை வாளி தூக்கினு போஸ்டரு ஒட்டின கட்சி. அந்த உறுப்பினர் அட்ட என் பர்சுல உன் போட்டோவுக்குப் பக்கத்துலதான் இருக்கும். ஆனா வாய் தன்னால தொறந்துக்குச்சு. "என் பேர தாராளமா அழிச்சிக்கோங்க, எங்க தாத்தா வேட்டிய வுட்ருங்க" ன்னு சொல்லிட்டு வெச்சிட்டேன்.

அப்புறம் பாரு ஓட்டத்த. நானும் உங்கப்பாவும் ஷேர் ஆட்டோ புடிச்சு பாலாஜி கடைக்குப் போனா அவன் நடுங்கறான், பாண்டியன் அண்ணன் ஆர்டரும்மா, நாளைக்கு எனக்கு பேனரு குடுக்கமாட்டாருன்றான். உங்கப்பா வெள்ளப் பெயிண்டு டப்பாவத் தொறந்து பிரஷ்ஷ எடுத்தாரு. நீங்க வெச்சா கெடுத்துடுவீங்கன்னு பாலாஜிக்குத் தாங்கல, புடுங்கிக்கினு அவனே உக்காந்து கரை மேல வெள்ளய இழுத்தான். காயறதுக்கு ஏது நேரம், ஈரத்தோடயே தூக்கினு ஆட்டோவுல ஏறினோம். வழி பூரா உங்கப்பா துண்டால தாத்தா இடுப்புக்கு விசுறிக்கினே வந்தாரு, சிக்னல்ல நின்னவங்கள்லாம் யாருக்குய்யா காத்து வாங்கறன்னு கேக்கறாங்க.

கூடத்துக்குள்ள போனா பாண்டியன் பார்வையாளரு வரிசையில ஜம்முனு உக்காந்துக்கினு இருக்காரு. படத்த மேச மேல நிமுத்தி வெச்சேன். வரதராஜன் எழுந்து கிட்ட வந்தாரு, வெறும் வெள்ளதானா இல்ல மேல எதனா ஒட்டி மறச்சிருக்காங்களான்னு சந்தேகம் போல, வேட்டி ஓரத்த வெரலால தொட்டாரு. வெரலு பூரா வெள்ள ஒட்டிக்குச்சு. வெரலப் பாத்தாரு, என்னப் பாத்தாரு, வேர்த்து ஊத்தி நிக்கிற உங்கப்பாவப் பாத்தாரு. நடந்தது புரிஞ்சிடுச்சு. திரும்பிப் போயி உக்காந்தாரு. பெரியநாயகியம்மா தீர்மானத்தப் படிச்சு ஆதரிக்கிறவங்க கை தூக்குங்கன்னாங்க. முதல் கை வரதராஜன் கைதான், வெள்ளப் பெயிண்டு பூசின வெரலோட. அவரு பின்னால அவங்க ஆளுங்க மொத்தமும். நம்ம ஆளுங்க பாண்டியன் மூஞ்சப் பாத்துக்கினே பாதிப் பேரு தூக்கினாங்க, மீதி பேரு தலயக் குனிஞ்சிக்கினாங்க. அது போதும்டி, தாராளமா தேறிடுச்சு. நான் கவுன்சிலருன்னுகூட பாக்காம மேசயத் தட்டினு கத்திட்டேன், சேர்மனம்மா அமைதி அமைதின்னு சொல்லிக்கினே அவங்களும் சிரிக்கிறாங்க.

அன்னிக்கு சாயங்காலமே கட்சியிலருந்து அறிக்க வந்துடுச்சு. கட்டுப்பாட்ட மீறி களங்கம் உண்டாக்கிட்டேனாம், அடிப்படை உறுப்பினர் உட்பட எல்லாப் பொறுப்புலருந்தும் நீக்கமாம். மாநாட்டுக்கு லாரியில ஆள் ஏத்தறதத் தவிர எனக்கு இன்னா பொறுப்பு குடுத்தாங்கன்னு நெனச்சா சிரிப்பு வருது. முதல்ல கொஞ்சம் அழுதேன், அப்புறம்தான் சிரிச்சேன். கவுன்சிலரு பதவிய யாரும் புடுங்க முடியாது, அது ஜனங்க போட்ட ஓட்டு, நீ பயப்படாத.

படம் மாட்டினது நேத்து. ஆபீசு ஆளு தாத்தாவுக்கு செவுத்து ஓரமா ஒரு ஆணி அடிச்சு வெச்சிருந்தான். மாட்டிப் பாத்தா நடுவுல அவரு, ஓரத்துல இவரு, முதலாளிக்குப் பக்கத்துல ஆளு நிக்கிற மாதிரியே இருக்குது. எல்லாரும் கைதட்டத் தயாரா நிக்கிறாங்க, எனக்கு மட்டும் மனசு ஒப்பல. இவ்ளோ தூரம் வந்துட்டு வாய மூடிக்கினு போறதான்னு, நடுவுல இருக்கிறவரக் கொஞ்சம் நகத்துங்கன்னு சொல்லிட்டேன். வரதராஜன் முன்னால வந்து ரெண்டு படத்தயும் பாத்தாரு. அப்புறம் செருப்பக் கழட்டிட்டு நாற்காலி மேல ஏறி, அவங்க தாத்தாவ அவரு கையாலயே எறக்கினாரு. ஆபீசு ஆளப் பாத்து, "ரெண்டு ஆணியா அடிப்பா, ஒரே மட்டத்துல" அப்டின்னாரு. இப்போ ரெண்டு மெம்பருங்களும் சரிசமமா இருக்காங்க, நடுவுல பழைய ஆணியோட ஓட்ட மட்டும் இருக்குது. உங்கப்பா வெளியே போயி வேப்பமரத்தடியில நின்னு மூக்க சிந்திக்கினு இருந்தாரு, கேட்டா தூசின்றாரு.

இதெல்லாம் எதுக்கு இவ்ளோ வெவரமா எழுதுறேன்னா, உங்க ஆஸ்பத்திரி நர்சுங்க சங்கத்துக்கு உன்ன நிக்கச் சொல்றாங்க, பொழைக்க வந்த ஊருல நமக்கு எதுக்கும்மா அதெல்லாம்னு போன வாரம் சொன்னியே, அதுக்குத்தான். பேரக் குடு. எடம் இல்லன்னு சொன்னா கொஞ்சம் நகந்து உக்காருங்கன்னு கேளு, கூச்சப்படாத, கேட்டா நகருவாங்க, நான் கண்ணால பாத்தேன்.

பொடியில நெய் சேத்து சாப்டு, தலைக்கு எண்ண வெக்காம இருக்காத. எங்க ரெண்டு பேரோட ஆசீர்வாதமும் எப்பவும் உனக்கு உண்டு, நீ நூறு வருஷம் தல நிமுந்து இருக்கணும். பேர் குடுக்கிற கடைசித் தேதிய மறக்காம எனக்குச் சொல்லு.

உன் அம்மா,
துளசி மணிவண்ணன்,
ஒன்றியக் கவுன்சிலர்,
கட்சி எதுவும் இல்ல.