உன் அம்மா சொன்னதை நான் விட்ட கட்டுரை

நேற்று கொல்லிமலையின் வாழவந்தி நாட்டில் ஒரு வீட்டு வாசலில் சாமை தீட்டும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. உமித்தூசி மூக்கில் ஏறியதும், வேளாண்மை அலுவலக வேலையாக வந்தவள் என்பதை மறந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். அந்த வாசனையை நான் முதலில் அறிந்தது உன் வீட்டில். நாம் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தோம்.

நீ மலைமேல் குண்டூர் நாட்டிலிருந்து பஸ்ஸில் வருவாய். அடிவாரத்தில், முள்ளுக்குறிச்சியில், நான் ஏறிக்கொள்வேன். இருவரும் தமிழ் வழியில் படித்தவர்கள். ஆங்கில வகுப்பில் கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டே காலத்தை ஓட்டியவர்கள். அந்த ஆண்டுதான் ஆங்கில சார் ஆய்வுக் கட்டுரை எழுதச் சொன்னார். ஒரு கருத்தை முன்வைக்க வேண்டும், ஆதாரம் தேட வேண்டும், எதிர்த்தரப்பு வாதத்தையும் எழுதி அதற்குப் பதில் சொல்ல வேண்டும். எதிர்த்தரப்புக்கு அவர் சொன்ன பெயர் 'கவுன்ட்டர் ஆர்கியுமென்ட்'.

"இதென்ன புள்ள, டிக்கெட் கவுன்ட்டராட்ட இருக்குது" என்று காதில் சொன்னாய். சிரித்ததற்கு நான்தான் எழுந்து நின்றேன்.

கொல்லிமலையில் சாமை குறைந்து மரவள்ளிக்கிழங்கு பெருகியது ஏன் என்பதை நான் எடுத்துக்கொண்டேன். சாமையின் அருமை மலை மக்களுக்குத் தெரியவில்லை, விழிப்புணர்வு இல்லை என்பது என் கருத்து. நூலகத்தில் படித்த இரண்டு கட்டுரைகளும் அதையேதான் சொல்லின. நீ மறுத்துப் பேசவில்லை. "எங்கூட்டுக்கு வா, எங்கம்மாவக் கேளு" என்று மட்டும் சொன்னாய்.

வந்தேன். உன் அம்மா என் கேள்வியை முழுதாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சாமை நல்லதுன்னு எனக்குத் தெரியாதா கண்ணு? ஒரு வேளைச் சோத்துக்கு அரை நாளு குத்தோணும். குத்திப் பொடைச்சு, மறுக்காக் குத்தோணும். என்ற தோளு ரெண்டும் போச்சு. கெழங்குன்னா லாரி வந்து ஏத்திக்கிட்டுப் போயிருது." பிறகு உலக்கையை என் கையில் கொடுத்தார். உரலில் பாதி சாமை உமி நீங்குவதற்குள் என் உள்ளங்கையில் கொப்புளம் வந்துவிட்டது. நீ தூணில் சாய்ந்து, "ஆதாரம் கெடச்சுதா?" என்று கேட்டாய்.

அவர் சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டேன். கட்டுரையில் ஒரு வரியும் சேர்க்கவில்லை. சேர்த்தால் என் முடிவு நிற்காது என்று தெரிந்தது. இன்னொரு காரணமும் உண்டு. அதை உன்னிடம் வெகுநாள் கழித்தே சொன்னேன். குத்துவதையும் புடைப்பதையும் ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. விழிப்புணர்வுக்கு ஆங்கிலச் சொல் தெரியும். தெரிந்த சொல் இருந்த பக்கமாகவே என் வாதம் சாய்ந்துவிட்டது.

சார் என் கட்டுரையை வகுப்பில் வாசித்துப் பாராட்டினார். நீ எழுந்தாய்.

"சார், அவ எங்கூட்டுக்கு வந்தாளுங்க. எங்கம்மா சொன்னது இதுல இல்லீங்க."

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். "ஒருத்தர் சொன்னா அது ஆதாரம் ஆகாது" என்றேன்.

"அப்பப் பத்துப் பேரக் கேளு. கேட்டத மறைக்காத" என்றாய். உன் அம்மாவை விவரம் தெரியாதவர் என்று எழுதி, உன் முன்னாலேயே நான் கைதட்டல் வாங்கியிருந்தேன். அது எனக்கு அன்று உறைக்கவில்லை. உன் மேல் கோபம்தான் வந்தது.

ஒரு மாதம் ஒரே பஸ்ஸில் பேசாமல் போய்வந்தோம். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாய். நான் நோட்டைத் திறந்து படிப்பதுபோல் இருப்பேன். அப்படித் திறந்ததில்தான் உன் அம்மாவின் பக்கத்தை மறுபடி மறுபடி படிக்க நேர்ந்தது. ஒரு சனிக்கிழமை, உனக்குச் சொல்லாமல், குண்டூர் நாட்டுக்கு பஸ் ஏறினேன்.

முதல் மூன்று வீடுகளில் யாரும் என்னிடம் சரியாகப் பேசவில்லை. "எந்த ஆபீசுங்க?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்த்தார்கள். நான்காம் வீட்டிலிருந்து வெளியே வந்தபோது ரோட்டில் நீ நின்றிருந்தாய்.

"நோட்டக் குடு" என்றாய். "எங்கூருப் பேச்சு உனக்குப் பாதிதான் புரியும்."

அன்று பன்னிரண்டு பெண்களிடம் கேட்டோம். பெரும்பாலோர் உன் அம்மா சொன்னதையே சொன்னார்கள். ஒருவர் மட்டும், குத்துவது சிரமமே இல்லை, பிள்ளைகளுக்கு அரிசிச் சோறுதான் பிடிக்கிறது என்றார். உனக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் அதை உன் கையாலேயே எழுதினாய். எழுதி முடித்து, "இதையும் வுட்றாத" என்றாய்.

கட்டுரையைத் திரும்ப எழுதினேன். தெரியாத சொற்களுக்கு இருவரும் அகராதியைப் புரட்டினோம்; அதிலும் அகப்படாததைச் சுற்றிவளைத்து எழுதினோம். பிழைகள் கூடிவிட்டதால் முதலில் கிடைத்ததைவிட இரண்டு மதிப்பெண் குறைவு. சார் தாளைத் திருப்பித் தரும்போது, "முதல் கட்டுரையை நம்பினேன். இதோடு விவாதிக்க முடிகிறது" என்றார். நீ என் தாளை வாங்கி மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, "போச்சா?" என்று சிரித்தாய். அந்த ஒரு மாதப் பிணக்கு அதோடு முடிந்தது.

அதற்குப் பிறகும் நாம் நிறையச் சண்டை போட்டோம். மலையிலேயே ஆசிரியையாகிவிட்ட நீ, என் அலுவலக அறிக்கைகளைப் படித்துவிட்டு போனில் திட்டுவாய். போன ஐப்பசியில் சிறுநீரகக் கோளாறு முற்றி நீ போய்ச் சேர்ந்தாய்.

உன் காரியத்துக்கு வந்திருந்தேன். உன்னோடு வேலை பார்த்த ஒருவர் உன் அம்மாவின் பக்கத்தில் அமர்ந்து ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். "தங்கமான புள்ளைங்க. ஒரு வார்த்தை எதுத்துப் பேச மாட்டா."

அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்கக் கூடாதோ என்னவோ. "இல்லீங்க" என்றேன். "எதுத்துப் பேசுவா. முழு வகுப்பு முன்னால என்னை எதுத்து எந்திரிச்சு நின்னா."

அன்று காலையிலிருந்து நிமிராத உன் அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"ஆமாஞ் சாமி" என்றார். "எங்கிட்டயே அடங்க மாட்டா." அதன் பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

இப்போதும் ஓர் அறிக்கையை முடித்ததும் ஒரு தனித் தாளை எடுத்து, நீ என்ன சொல்லித் திட்டுவாய் என்று எழுதிப் பார்க்கிறேன். அதற்கு எனக்குப் பதில் இருந்தால்தான் அறிக்கை அனுப்பப்படும். இந்த வாரம் ஒன்று போகாமல் மேஜையிலேயே கிடக்கிறது.