ஐப்பசி ஒன்றாம் தேதி டெலிவரி

மாப்ள,

உன் கடைச் சீட்டு ஒன்று என் மேஜையில் கிடக்கிறது. தைக்க வரும் துணியில் ஆளின் பெயரும் டெலிவரி தேதியும் எழுதிக் குண்டூசியால் குத்தி வைப்பாயே, அதே மஞ்சள் அட்டை. ஈரத்தில் ஊறிக் காய்ந்து விறைத்துப் போயிருக்கிறது. முகர்ந்தால் மீன் வாடை. உன் கோழிக் கிறுக்கலில் என் பெயர், அதற்குக் கீழே ‘ஐப்பசி 1’. நேற்றுதான் ஐப்பசி ஒன்று.

நீ போய் இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் வந்தால், ஷட்டர் இறங்கிய உன் கடையைப் பார்க்கப் பிடிக்காமல் அந்தப் பக்கம் ஜன்னலோரம் உட்காருவதே இல்லை. உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நாம் பழகியதே உன் தாமதத்தால்தான். தீபாவளிக்குத் தைக்கக் கொடுத்த பேண்டுக்காகக் கார்த்திகை வரை உன் கடைக்கு நடந்தேன். “பட்டன் மட்டுந்தான் பாக்கி, செத்த நேரம் உக்காருங்க” என்பாய். அப்படி உட்கார்ந்து உட்கார்ந்து பேச்சு ஒருநாள் மீன்பிடிப்பில் போய் நின்றது. நான் மில்லில் எலெக்ட்ரீஷியன், ஞாயிறு லீவு. ஞாயிறு உனக்கும் கடை கிடையாது. அந்த வாரமே என் பைக்கில் சிவகாசி, சாத்தூர், விளாத்திகுளம் எல்லாம் தாண்டி, வைப்பாறு கடலில் சேரும் இடத்துக்குப் போய்விட்டோம். பேண்ட் அதற்குப் பிறகும் வரவில்லை.

“நம்மூரு பிளவக்கல் டேம்ல பாத்த தண்ணிதாம்லே இது. நமக்கு முன்னாடியே வந்து நிக்கி பாரு” என்று காலை நனைத்துக்கொண்டு சொன்னாய். ‘நீங்க’ போய் ‘லே’ வந்தது அன்றுதான்.

எனக்குப் பெரிய மீன் வேண்டும். பிடிக்க வேண்டும், அளக்க வேண்டும், தூக்கிப் பிடித்துப் படம் எடுக்க வேண்டும், பிறகு கடலிலேயே விட்டுவிட வேண்டும். அதற்கென்று ராடு, ரீல், மீன் மாதிரியே நெளிகிற பிளாஸ்டிக் இரை என்று ஒரு பையே வைத்திருந்தேன். உன்னிடம் ஒரு மரக்கட்டையில் சுற்றிய தங்கூஸ் நரம்பு, ஒரு தூண்டில் முள், ஒரு பொட்டலம் இறால், அவ்வளவுதான். நீ பிடிப்பது கிழங்கான். ஒரு சாண் நீளம் இருக்கும், பொரித்தால் அதற்கு ஈடு கிடையாது. தலைக்கு ரெண்டு என்பது உன் கணக்கு. உன் வீட்டில் எத்தனை பேர், என் வீட்டில் எத்தனை பேர் என்று விரல் மடக்கி எண்ணுவாய். அத்தனை விழுந்ததும் தங்கூஸைச் சுற்றி வைத்துவிடுவாய். அதற்கு மேல் மீன் வரிசையில் வந்து நின்றாலும் திரும்பிப் பார்க்க மாட்டாய்.

நான் மீனை விடுவதைப் பார்த்தால் மட்டும் உனக்கு ஆகாது.

“திங்கவா போறே? இல்ல. பொறவு எதுக்குலே அதைக் கூப்பிடுதே? ஒருத்தனை வீட்டுக்கு வான்னு கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து, வாசல்ல நிறுத்திப் போட்டோ எடுத்துட்டு, போயிட்டு வான்னு அனுப்புவியா?”

“நீ கொன்னு திங்கே. நான் உசுரோட விடுதேன். யாருலே நல்லவன்?” என்று நானும் விடமாட்டேன். திரும்பி வருகிற வழி முழுக்க இதே சண்டைதான். காற்றில் கத்திக் கத்திச் சாத்தூர் வருவதற்குள் தொண்டை கட்டிவிடும்.

புரட்டாசி பிறந்தால் என் கை ஓங்கும். அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில் மீன் வாடையே கூடாது. கடலுக்குப் போகாமலும் என்னால் இருக்க முடியாது. ஆகவே பிடித்ததையெல்லாம் விட்டுவிடுவேன், விரதமும் கெடாது. “பெருமாளையும் ஏமாத்துதே, மீனையும் ஏமாத்துதே” என்று சிரிப்பாய்.

அப்படி ஒரு புரட்டாசியில்தான் அந்தக் கொடுவா மாட்டியது. முக்கால் மணி நேரம் என்னை இழுத்தடித்துவிட்டுக் கரைக்கு வந்தது. நீ கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பை உருவினாய். “நீளம் முப்பத்தெட்டு. வயிறு இருபத்திநாலு. சாருக்குச் சட்டையா, ஜிப்பாவா?” இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு படம். முதல் படத்தில் நீ வாலை வெட்டிவிட்டாய். இரண்டாவதில் என் முகம் இருட்டாக விழுந்தது. மூன்றாவதை எடுத்தபோது மீன் என் கையில் துள்ளுவதை நிறுத்தியிருந்தது. எனக்கு அது அப்போது வசதியாகத்தான் பட்டது.

தண்ணீரில் விட்டேன். வயிற்றை மேலே காட்டி மிதந்தது. நீ போட்டிருந்த பேண்ட்டோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் அசைத்து, செவுளுக்குள் தண்ணீர் போக வழி செய்தாய். “வந்துரும்லே, செத்த நேரம் பொறு” என்று எனக்கு ஆறுதல் வேறு. அரை மணி நேரம் நின்றாய். அது வரவில்லை. ஒரு வார்த்தை திட்டவில்லை நீ. “சரி, இனிமே இது சாப்பாடு” என்று மட்டும் சொல்லி, துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பைக்கில் ஏறினாய். அன்று சாத்தூர் வரைக்கும் சண்டை இல்லை.

வீடு வந்ததும் அந்த மூன்றாவது படத்தை ஸ்டேட்டஸில் வைத்தேன். ‘விட்டாச்சா?’ என்று கேட்ட எல்லோருக்கும் ‘விட்டாச்சு’ என்று பதில் போட்டேன். நீயும் அதைப் பார்த்திருந்தாய்.

ஐப்பசி ஒன்றாம் தேதி மத்தியானம், கையில் தூக்குவாளியோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாய். என் மனைவியிடம், “தங்கச்சி, சோறு ஆயிட்டா? ஒம் புருசன் விட்ட மீனு திரும்பி வந்திருக்கு” என்றாய். அவள் நீ வழக்கம்போல் கேலி பேசுகிறாய் என்று சிரித்தாள். எனக்கு நிமிர முடியவில்லை. மாதம் முடியட்டும் என்று என் பங்கை உன் ஃப்ரீசரில் எடுத்து வைத்திருந்திருக்கிறாய். நீயும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாய். “ருசியா இருக்குல்லா?” என்று கேட்டாய். இருந்தது மாப்ள, அதுதான் எனக்கு வெட்கமாகப் போயிற்று.

அதிலிருந்து அது நம் வழக்கமாகிவிட்டது. புரட்டாசியில் நான் பைக் ஓட்டுவதோடு சரி, ராடு வீட்டில் இருக்கும். நீ இரண்டு வீட்டுக்கும் பிடிப்பாய். என் பங்கு சீட்டுக் குத்தி ஃப்ரீசரில் காத்திருக்கும். ஐப்பசி ஒன்று அன்று எங்கள் வீட்டில் பொரித்து, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவோம். “இனிமே திங்கத்தான் பிடிப்பேன்” என்று உன்னிடம் சொன்னேன். சொன்னபோது நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

இந்தப் புரட்டாசியில், மில்லுக்குப் புதிதாக வந்த சூப்பர்வைசர் தூத்துக்குடிப் பக்கம் படகு ஏற்பாடு செய்திருப்பதாகச் சொன்னார். பெரிய பெரிய பாறை மீன்கள், பிடித்து விடுகிற ஆட்டம். எனக்குக் கை அரித்தது. உனக்கு போன் செய்து, “மில்லுல மோட்டார் எரிஞ்சு போச்சு மாப்ள, ஞாயித்துக்கிழமை வர முடியாது” என்றேன்.

“எம்புட்டு வேலைதாம்லே வாங்குவானுவ? சரி, நீ பாரு. நான் பஸ்ஸுல போயிக்கிடுதேன்.”

அந்த ஞாயிறு எனக்கு ஒரு பாறை மாட்டியது. நீ கொடுத்த பழைய இஞ்ச் டேப்பால் அளந்தேன், நாற்பத்தொன்று. இந்த முறை ஒரே படம், தண்ணீரை விட்டு ரொம்ப நேரம் வெளியே வைக்கவும் இல்லை. விட்டதும் வாலால் என் முகத்தில் ஒரு அடி அடித்துவிட்டு நேரே கீழே போயிற்று. படகில் எல்லோரும் கை தட்டினார்கள். நான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். சட்டையா ஜிப்பாவா என்று கேட்க அங்கே ஆள் இல்லை. ஐப்பசி ஒன்று அன்று உன்னிடம் உண்மையைச் சொல்லி, வாங்க வேண்டியதை வாங்கிக் கட்டிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

அந்த வாரமே புதன்கிழமை மத்தியானம் நீ தையல் மிஷின் மேலேயே தலையைச் சாய்த்துவிட்டாய். பள்ளிவாசல் மையவாடியில் எல்லோரோடும் சேர்ந்து மூன்று பிடி மண் போட்டேன். அப்போதும் சொல்லவில்லை.

நேற்றுக் காலை உன் மகள் போன் செய்தாள். “மாமா, ஃப்ரீசர்ல உங்க பேரு எழுதி அத்தா மீன் வச்சிருக்காவ. இன்னைக்குத் தேதிதான் போட்டிருக்கு. வாரீயளா?”

போனேன். உன் மனைவி உனக்காக நாலு மாதம் பத்து நாள் இத்தா இருப்பதால் வெளியே வரவில்லை, திரைக்கு அந்தப் பக்கம் இருந்தே பேசினாள். “அன்னைக்கு பஸ்ஸுல போயி, வெயில்ல நின்னு பிடிச்சிட்டு வந்தாவ அண்ணே. ‘அவன் பாவம், மோட்டாரோட மல்லுக்கட்டுதான். அவனுக்கு நல்ல மீனாப் பொறுக்கி வை’ன்னாவ.” தலையை ஆட்டினேன். திரைக்குப் பின்னால் இருப்பவளுக்கு அது தெரியாது என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. உன் மகள் மீன் பொட்டலத்தோடு உன் தங்கூஸ் கட்டையையும் கையில் கொடுத்தாள்.

ராடைத் தூக்கிப் போட்டுவிடுவேன் என்றெல்லாம் சத்தியம் செய்ய மாட்டேன், என்னை உனக்குத் தெரியும். அடுத்த ஞாயிறு வைப்பாற்றுக்குப் போகிறேன். கட்டை என்னோடு வரும். எண்ணுவதற்கு உன் வீட்டுத் தலைகளும் சேரும்.

நேற்று மத்தியானம் என் மனைவி மீனைக் கழுவும்போது, “சொன்ன தேதிக்கு அண்ணன் கொடுத்த டெலிவரி இது ஒண்ணுதான்” என்று சிரித்து, சிரித்த வேகத்தில் அழுதாள். பிறகு எண்ணிப் பார்த்தாள். “நாம ரெண்டு பேருக்கு நாலுதானே வரணும்? ஆறு இருக்கே!”

எனக்குத் தெரியும். மீதி ரெண்டு உனக்கு. நேற்று எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதாக இருந்தவன் நீ.

அவள் அந்த இரண்டையும் தனித் தட்டில் வைத்து, என்ன செய்ய என்பதுபோல் என்னைப் பார்த்தாள். திங்கப் பிடித்த மீன் அது. உன் தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். முள்ளை ஒதுக்கி, ஒரு வாய் எடுத்து வைத்து, “மோட்டார் எரியல, மாப்ள” என்றேன்.