சிவப்பு பஸ்

அத்தானுக்கு,

நீங்க தேடுன சிவப்பு பொம்மை பஸ் கிடைச்சிட்டு. ஜன்னல் வழியா ஒரு குரங்கு தூக்கிட்டுப் போயி, பின்வாசல் முருங்கை மரத்துல உக்காந்து கடிச்சிக்கிட்டிருந்தது. நானே பார்த்தேன்.

"நான் எடுக்கலப்பா"ன்னு டெபோரா அழுதாளே, கேட்டியளா? தினமும் மயிலுக்கும் அணிலுக்கும் அரிசி போடுத கையால ஆறு வயசுப் பிள்ளையை பெல்டால அடிச்சிய. அப்புறம் நீங்க சேத்து வச்ச பொம்மையெல்லாம் இருக்க அலமாரியைப் பூட்டி, சாவியை எடுத்துக்கிட்டு மில்லுக்குப் போயிட்டிய. பிள்ளை தொடக்கூடாத பொம்மை வீட்ல எதுக்கு?

அலமாரிக் கண்ணாடியை உடைச்சிட்டேன். எடுத்து விளையாடுன்னு அவகிட்ட சொன்னேன். கையைக் கட்டிக்கிட்டு நின்னா.

"வேண்டாம்மா, அப்பா வந்துருவாங்க."

அதுக்குமேல அங்கன இருக்க முடியல. அம்பாசமுத்திரத்துல அண்ணன் வீட்ல இருக்கோம். என்னைக் கூப்பிட வரவேண்டாம். அவகிட்ட மன்னிப்பு கேக்கணும்னா மட்டும் வாங்க.

இப்படிக்கு,
உங்க மகளைப் பெத்தவ