ஜெபக்குறிப்பில் வராத பெயர்

என் அருமை ரெபெக்கா அக்காவுக்கு,

உன் பெயரை எழுதும்போதே மனசு கசக்கிறது. அதை ஊர் நடுவே தூக்கிப் போட்டவர்கள் நாம் நம்பியவர்கள்தானே?

உப்பளம் பகுதியில் நம் சபை மூப்பர் வீட்டு வேதபாடம் இன்றும் புதன்கிழமை மாலை தவறாமல் நடக்கிறது. அதே கூடம், அதே பாய், முடிவில் அதே சுக்குக் காபி. ஆளுக்கொரு வசனம் வாசித்து, மனதில் பட்டதைச் சொல்கிற முறையும் மாறவில்லை. “இங்க பேசுறது இந்த நாலு செவுத்தத் தாண்டாது” என்று மூப்பர் இன்னமும் சொல்கிறார். உண்மைதான். உன் பேச்சு சுவரைத் தாண்டவில்லை, வாசல் வழியாகத்தான் போயிற்று.

மனைவி புருஷனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற வசனம் அன்று உன் முறைக்கு வந்தது. பாதியில் நிறுத்தினாய். ரவிக்கைக் கையை மேலே தள்ளி, கன்றிப்போன இடத்தைக் காட்டி, “இதுக்கும் கீழ்ப்படியணுமா ஐயா?” என்று கேட்டாய். பிரெஞ்சுக் கொடி இறங்கிய வருஷம் சைகோன் பட்டாளத்திலிருந்து வீடு திரும்பியவர் உன் வீட்டுக்காரர், மாமா. சண்டையை அங்கேயே விட்டுவிட்டு வரவில்லை என்பது அன்றுதான் எனக்கே தெரியும்.

பதில் தெரியாத இடத்தில் ஜெபிப்பது நம் ஆட்களின் வழக்கம். “இத ஜெபக்குறிப்பா எடுத்துக்கலாம்” என்றார் மூப்பர். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

ஞாயிறு ஆராதனையில் மூப்பரின் ஜெபத்தில் அது வெளியே வந்தது. “ஆண்டவரே, எங்கள் சகோதரி ரெபெக்காவின் நாவைக் காத்தருளும். புருஷனைக் கோபமூட்டாத சாந்தத்தை அவளுக்குத் தாரும்.” ஆண்கள் பக்கத்திலிருந்து எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னவர் மாமா. அன்று வீட்டுக்குப் போய் நீ என்ன பட்டாயோ, எனக்குத் தெரியாது.

மறுநாள் பெரிய மார்க்கெட்டில் பிள்ளைச்சாவடி மீன்காரம்மா, நம் கோயில் வாசலைக்கூட மிதிக்காதவள், “என்னாம்மா, உங்க அக்காவுக்கு வாய் ஜாஸ்தியாமே?” என்றாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். சபை வாய் அதைவிட மோசம் அக்கா. அது கண்ணை மூடிக்கொண்டு பேசும்.

அப்புறம் நீ யாரிடமும் எதையும் சொல்லவில்லை. வயிற்றுவலியைக்கூட மறைத்தாய். டாக்டர் கைவிரித்த பிறகு, “எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேக்கா” என்று ஆஸ்பத்திரியில் அழுதேன். “சொன்னா ஜெபத்துல போட்டுடுவீங்கடி” என்றாய். என்னையும் அவர்களோடு சேர்த்துவிட்டாயே, அது நியாயமா?

அடக்கத்தன்று மூப்பர் உன்னைப் பொறுமைக்குச் சாட்சி என்றார். கையிலிருந்த மண்ணை அவர் வாயில் போடலாமா என்றிருந்தது எனக்கு. மாமா இப்போது சபைக் கமிட்டியில் இருக்கிறார்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் அங்கே போகிறாய் என்று கேட்பாய். வேதம் என்ன மூப்பர் வீட்டுச் சொத்தா?

போன புதன்கிழமை அதே பகுதி மறுபடி வந்தது. புதிதாகக் கல்யாணமான ஒரு பெண்ணின் முறை. அவளும் பாதியில் நிறுத்தினாள். “எங்க வூட்ல அவரு…” என்று ஆரம்பித்ததுமே, “ஜெபக்குறிப்பா எடுத்துக்கலாம்மா” என்றார் மூப்பர்.

“எடுக்காதீங்க ஐயா. அவ இன்னும் பேசி முடிக்கல” என்றேன்.

“ஜெபத்தத் தடுக்காத எஸ்தர். உங்க அக்காவுக்கும் நல்லதுக்குத்தான செஞ்சோம்?”

“அந்த நல்லதத்தான் கல்லறையில வெச்சிட்டு வந்தேன்.”

அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன். என் வீட்டில் உட்கார்ந்து முழுவதையும் சொன்னாள். நான் கண்ணை மூடவில்லை. இப்போது, கடைசி நாட்களில் நீ இங்கே படுத்திருந்த கட்டிலில்தான் தூங்குகிறாள். சமாதானம் பேச ஞாயிற்றுக்கிழமை வருவதாக மூப்பர் சொல்லியனுப்பியிருக்கிறார். வரட்டும், காபி தருகிறேன். பெண்ணைத் தர மாட்டேன்.

அக்கா, உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அவளுக்காகத் தினமும் ஜெபிப்பேன், ஆனால் வாய்விட்டு அல்ல. அவள் சொன்னதும் அவள் பெயரும் என்னிடமிருந்து யார் காதுக்கும் போகாது. பார், உனக்குக்கூட எழுதவில்லை.

உன் கூடப்பிறந்தவள்,
எஸ்தர்