முதுகுக்குப் பின்னால் ஒரு சுவர்

பாய்,

உங்கள் கடையின் மூலைப் பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது. என் ஆட்கள் சாப்பிடப் போயிருக்கிறார்கள். காலையில் இந்தப் பெஞ்சின் ரெக்சின் உறையில் பிளேடை வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன். உறை வாய் பிளந்ததும் உள்ளே இருந்த ஸ்பாஞ்சிலிருந்து வாசனை கிளம்பியது. பட்டை, கிராம்பு, நெய். அதற்கும் அடியில், நீங்கள் காதோரம் தடவிக்கொள்ளும் அத்தர். நீங்கள் போய் மாதங்கள் ஆகிவிட்டன. அது மட்டும் போகாமல் இங்கேயே உட்கார்ந்திருந்திருக்கிறது. உடைக்க வந்த பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். மயக்கம் என்று நினைத்து ஆட்கள் சோடா வாங்கி வந்தார்கள். வீணாக்க வேண்டாமே என்று அதையும் குடித்தேன்.

ஆமாம் பாய், உடைக்கத்தான் வந்திருக்கிறேன். உங்கள் மகன் சொல்லி, நானே ஒப்புக்கொண்டு, நானே ஆள் கூட்டிக்கொண்டு. சுவரோரப் பெஞ்சையெல்லாம் எடுத்துவிட்டு, கடை முழுக்க மேஜை நாற்காலி போட வேண்டுமாம். ஒரு பெஞ்சில் கீறல் விழுந்தாயிற்று. மிச்சத்தைச் செய்வதா, எழுந்து வீட்டுக்குப் போவதா என்று தெரியவில்லை. உங்களிடம் கேட்காமல் இந்தக் கடையில் நான் ஒரு ஆணிகூட அடித்ததில்லை. அந்தப் பழக்கம்தான் இந்தக் கடிதம்.

நாம் முதலில் பார்த்துக்கொண்டது பைபாஸ் ரோட்டில் அந்த பைனான்ஸ் ஆபீசில். நான் பெருமையாக முடித்த இன்டீரியர் வேலை அது. கண்ணாடிக் கேபினுக்குள் மேனேஜர். அவருக்கு முன்னால் வரிசையாக மேஜைகள். எல்லார் கம்ப்யூட்டர் திரையும் அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. பத்தாம் வகுப்பை இரண்டு தடவை எழுதியவன் இப்படியொரு ஆபீஸ் செய்திருக்கிறானே என்று என்னை நானே மெச்சிக்கொண்டிருந்த நேரம். தோல் மண்டி வேலையிலிருந்து அப்போதுதான் நின்றிருந்த நீங்கள் ஏதோ காரியமாக அங்கே வந்தீர்கள். சுற்றிப் பார்த்துவிட்டு, இதைச் செய்தது யார் என்று கேட்டீர்கள். பாராட்டு வரப்போகிறது என்று நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்து நின்றேன்.

"நல்லாத்தான் செஞ்சிருக்க அப்பு. ஆனா இங்க வேலை பாக்குற அம்புட்டுப் பேரு முதுகையும் அந்தாளுகிட்ட ஒப்படைச்சிட்டியே" என்றீர்கள்.

எனக்கு முகம் விழுந்துவிட்டது. நீங்கள் அதோடு விடவில்லை. சில நாள் கழித்து வீடு தேடி வந்து, சின்னதாக ஒரு பிரியாணிக் கடை போடப்போவதாகச் சொன்னீர்கள். அந்த ஆபீசுக்கு நேர் தலைகீழாக வேண்டும் என்றீர்கள். சாப்பிடுகிற யார் முதுகுக்குப் பின்னாலும் யாரும் நிற்க முடியாத கடை.

நம் ஊரில் மதியம் வெளியே சாப்பிட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இலையில் பாதிச் சோறு இருக்கும்போதே ஒரு கை வந்து நம் நாற்காலியின் முதுகைப் பிடிக்கும். அடுத்து உட்காரப்போகிறவர் அவர். கழுத்தில் அவர் மூச்சுப் படும். நாம் எத்தனை வாய் மிச்சம் வைத்திருக்கிறோம் என்று அவர் எண்ணுவது நமக்கே கேட்கும். ஒரு நாள் உங்களுக்குப் பின்னால் ஒரு குடும்பமே நின்றதாம். அதில் ஒரு வாண்டு உங்கள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, அந்த எலும்பு உங்களுக்கு வேண்டாமா என்று கேட்டதாம். எலும்பை வாயில் வைக்கவும் முடியாமல், இலையில் போடவும் முடியாமல் நீங்கள் எழுந்து வந்த கதையைச் சொன்னபோது நான் சத்தமாகச் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

"வாலிபத்துலருந்து இப்புடியேதான் தின்னுருக்கேன் அப்பு. வயிறு ரொம்புச்சு. சாப்பிட்ட மாதிரி இல்ல."

அதற்குப் பிறகு நான் எதிர்த்துப் பேசவில்லை. மூன்று பக்கமும் சுவரோடு சுவராகப் பெஞ்சு. ஒவ்வொரு முதுகுக்கும் பின்னால் ஒரு சுவர். முன்னால், தரையோடு போல்ட் போட்டு இறுக்கிய மேஜை. நடுவில் பரிமாறுகிறவர் நடக்க மட்டும் இடம். கடை அகலம் அவ்வளவுதான். பெஞ்சுக்கும் மேஜைக்கும் எவ்வளவு இடைவெளி விடலாம் என்று என் மகள் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொன்னாள். நீங்கள் அதை ஏற்கவில்லை. என்னைப் பெஞ்சில் உட்காரவைத்து, மேஜைப் பலகையை என் தொப்பைவரை தள்ளிக்கொண்டு வந்து, அந்த இடத்தில் தரையில் பென்சிலால் கோடு போட்டீர்கள். "நீ நுழைஞ்சிட்டா திண்டுக்கல்லே நுழைஞ்சிரும்." என் மகள் அதைச் சொல்லிச் சொல்லி வீட்டில் என் மானத்தை வாங்கினாள். போல்ட் இறுக்கிய பிறகு, ருசி பார்க்கச் சொல்லி நீங்கள் தினமும் வைத்த பிரியாணி தன் வேலையைக் காட்டியது. கோடு, போட்ட இடத்திலேயே இருந்தது. தொப்பைதான் கோட்டைத் தாண்டிவிட்டது.

திறந்த அன்று முதல் இலை எனக்குத்தான். இரண்டு பேர் உட்காரும் இந்த மூலைப் பெஞ்சில் என்னை உள்பக்கம் தள்ளிவிட்டு, நீங்கள் வெளிப்பக்கம் உட்கார்ந்தீர்கள். பின்னால் சுவர், இடது கைப்பக்கம் சுவர், முன்னால் மேஜை, நான்காவது பக்கம் நீங்கள். நான் பழக்கதோஷத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தேன். நீங்கள் அப்போதுதான் முதல் துண்டுக் கறியை எலும்பிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தீர்கள். அய்யலூர்ச் சந்தையில் ஆட்டை எப்படி நடையைப் பார்த்து வாங்குவது என்று ஆரம்பித்தீர்கள். ஆடு நடந்தது, நின்றது, மேய்ந்தது, திரும்பவும் நடந்தது. என் பாக்கெட்டில் போன் துடித்தது. செல்போன் கடைக்குக் கண்ணாடிக் கதவு போட்டுக்கொடுத்திருந்தேன், அது மூடவில்லை என்று அந்தக் கடைக்காரர் கூப்பிடுகிறார். தொப்பை மேஜையில் அழுந்தியிருந்ததால் கை பாக்கெட்டுக்குள் போகவில்லை. எழுந்து வழி விடுங்கள் என்று உங்களிடம் சொல்ல வாயும் வரவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் ஜும்மா முடிந்ததும் ஆளனுப்பிக் கூப்பிட்டு இதே மூலையில் என்னை அடைத்தீர்கள். வெள்ளிக்கிழமை வந்தால் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் உதறும் என்பது உங்களுக்குத் தெரியாது. வராமல் இருக்கவும் தெரியவில்லை.

நம் கடையின் கோளாறு அப்போதே தெரிந்துவிட்டது. முதுகைக் காப்பாற்றப் போய் வழியை மறந்துவிட்டோம். வடமதுரைக்காரர் ஒருவர் பெஞ்சின் நடுவில் மாட்டிக்கொண்டார். இரண்டு பக்கமும் ஒரு பெரிய குடும்பம் சாவகாசமாகச் சாப்பிடுகிறது. அவர் எச்சில் கையோடு, தான் போகவேண்டிய பஸ் வாசலைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நான் அதை உங்களிடம் சொன்னேன்.

"செத்த எந்திரிங்கன்னு கேட்டா எந்திரிக்க மாட்டாகளா? வாய் எதுக்கு இருக்கு, திங்க மட்டுமா?"

அவரைச் சொன்னீர்களா, என்னைச் சொன்னீர்களா என்று இன்றுவரை தெரியவில்லை. எனக்கு அந்த வாய் கிடையாது பாய். பஸ்ஸில் என் தோளில் தூங்கியவரை எழுப்ப மனசு வராமல், இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு அய்யலூர்வரை போய்த் திரும்பி வந்தவன் நான்.

போன ஐப்பசியில், விடியற்காலைத் தொழுகைக்கு எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே எல்லாம் முடிந்துவிட்டது. கடையை உங்கள் மகன் எடுத்துக்கொண்டான். நல்ல பையன். உங்கள் கைப்பக்குவத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறான். அதனால்தான் கஷ்டமே. கூட்டம் ஏறிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். சாக்கடை மூடியின்மேல் வரிசை நிற்கிறது. வெயில் மண்டையைப் பிளக்கிறது. கைக்குழந்தைக்காரி ஒருத்தி முந்தானையைக் குழந்தையின் தலைக்குப் போட்டுவிட்டுத் தன் தலையைக் காயவிட்டுக்கொண்டு நின்றாள். உள்ளே ஒருவர் சுவரில் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார்.

"அத்தா உள்ள இருக்கவங்க முதுகப் பாத்தாரு மாமா. வெளிய நிக்கறவங்க தலையப் பாக்கல" என்றான்.

குத்தலாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னான். சரிப்பா என்றேன். என் வாயிலிருந்து தங்குதடையில்லாமல் வரும் ஒரே சொல் அதுதான்.

சொன்ன பிறகு வீட்டில் உட்கார்ந்து கோடு கோடாகப் போட்டுப் பார்த்தேன். பெஞ்சையும் வைத்துக்கொண்டு இன்னும் நாலு பேரை உட்காரவைக்க ஏதாவது வழி உண்டா என்று மகளைக் கேட்டேன். அவளும் கடையைத் திரையில் இப்படியும் அப்படியும் சுழற்றிப் பார்த்தாள். ஆளைக் கூட்டினால் முதுகு வெளியே வருகிறது. முதுகை மறைத்தால் ஆள் வெயிலில் நிற்கிறார். கடைசியில், "அப்பா, இருக்கறதே மூணு சுவருதான். புதுசா ஒண்ணுக்கு நான் எங்க போக?" என்று லேப்டாப்பை மடக்கி வைத்துவிட்டாள். என் மனைவி அடுப்படியிலிருந்தே கேட்டாள், போனவருக்குச் செய்யப்போகிறேனா இருக்கிறவனுக்குச் செய்யப்போகிறேனா என்று. ரெண்டு பேருக்கும்தான் என்றேன். "அப்ப ரெண்டு பேருக்கும் செய்ய மாட்டீக" என்றாள். அவளிடம் எதிர்ப்பேச்சு பேசி எனக்குப் பழக்கமில்லை.

நேற்று மதியம் உங்கள் மகன், நாளைக்கு உடைக்கப் போகிறோம், இன்றைக்கு இங்கே ஒரு வாய் சாப்பிடுங்கள் என்று இந்த மூலைக்குக் கூட்டி வந்தான். அடுப்படியில் நின்றபடியே தின்கிற பையன், எனக்காக இலை போட்டு உங்கள் இடத்தில் உட்கார்ந்தான். காதில் போன். மளிகைக்காரரோடு பேசிக்கொண்டே நாலு வாயில் முடித்துவிட்டு எழுந்தான். நானும் முடித்திருந்தேன். அவன் ஒதுங்கி நின்று, "வாங்க மாமா, வழி விட்டாச்சு" என்றான்.

கேட்காமலே எனக்கு வழி கிடைத்தது நேற்றுதான் முதல் தடவை. என்னால் எழுந்திருக்க முடியவில்லை பாய். அவன் ஏன் மாமா என்று கேட்டதற்கு, கால் மரத்துவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

ஷட்டர் தூக்குகிற சத்தம் கேட்கிறது. ஆட்கள் வந்துவிட்டார்கள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

*

மேலே எழுதியதை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். மிச்சத்தை இப்போது எழுதுகிறேன். கொஞ்ச நாள் ஆகிவிட்டது.

பெஞ்சை எடுத்துவிட்டேன். வேறு யாரோ கடப்பாரை போட்டுப் பெயர்ப்பதைவிட, ஸ்க்ரூ எங்கே இருக்கிறது என்று தெரிந்தவனே கழற்றட்டும் என்று உட்கார்ந்து கழற்றினேன். உங்கள் மகன் ஒரு முனை பிடித்தான், நான் ஒரு முனை. நீளப் பெஞ்சு ஒன்றுக்குப் புது உறை போட்டு, வாசல் சுவரோரம் போட்டு, மேலே தகரத்தில் நிழல் இறக்கிக் கொடுத்தேன். காத்திருக்கிறவர்கள் அதில் உட்கார்ந்தால் உள்ளே யாரும் யார் பின்னாலும் நிற்கத் தேவையில்லை என்பது என் கணக்கு. நம் ஜனங்களைத் தெரியாதா உங்களுக்கு? உட்கார்ந்தால் இடம் போய்விடும் என்று எல்லாரும் உள்ளேதான் வந்து நிற்கிறார்கள். கைக்குழந்தைக்காரிகள் மட்டும் பெஞ்சில் உட்கார்கிறார்கள். அதுக்காவது ஆச்சே மாமா என்கிறான் உங்கள் மகன்.

மறுபடி கடை திறந்த வெள்ளிக்கிழமை அவனே என்னைக் கூப்பிட்டான். நடு மேஜையில், நாலு பக்கமும் திறந்த நாற்காலி. இலை வந்தது. இரண்டு வாய் போயிருக்காது, ஒரு கை வந்து நாற்காலியின் முதுகைப் பிடித்தது. கழுத்தில் மூச்சுப் பட்டது. என் கை அதுவாகவே வேகம் பிடித்தது. பாதி இலை காலியானது எனக்கே தெரியவில்லை. சுவர் இருந்த மூலையில்கூட இவ்வளவு நெருக்கமாக யாரும் என்னை அடைத்ததில்லை. கையை இலையிலேயே வைத்து நிறுத்தினேன். திரும்பினேன். நாற்காலியைப் பிடித்திருந்தவர் என் வயசுக்காரர், கையில் துணிப்பை.

"அண்ணே, செத்த தள்ளி நில்லுங்க. நான் இன்னும் சாப்பிட்டு முடிக்கல."

சொன்னது நான்தான். குரல் மட்டும் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"நீங்க பாட்டுக்கு மெதுவாச் சாப்பிடுங்கண்ணே. ஒண்ணும் அவசரமில்ல" என்றார் அவர். சொல்லிவிட்டு அதே இடத்தில் நின்றார். நாற்காலியிலிருந்து கையை மட்டும் எடுத்துக்கொண்டார். கல்லாவில் உங்கள் மகன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். நான் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, தயிர் வெங்காயம் இன்னும் கொஞ்சம் வைக்கச் சொன்னேன். மிச்சமிருந்த கறியை எலும்பிலிருந்து பிரிக்க ஆரம்பித்தேன்.

எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் என் மனைவி காதுக்குள் சொன்னாள், பின்னால் ஆள் நிற்கிறார்கள், எழுந்திருங்கள், பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று. நிற்கிறார்கள் என்று எனக்கும் தெரியும். முதுகு கூசுகிறது, காது சுடுகிறது. பயந்துகொண்டேதான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன், பாய்.